உத்தரவில் 2012 பிப்ரவரி 29 என்று இருக்கிறதே, அது என்ன தேதி?

எடிசன் குமரன்:

வணக்கம். அமெரிக்கத் திவால் சட்டம் தெரிந்தவர்கள் இருந்தால் உதவுங்கள்.

நியூ ஜெர்சி எடிசனில் அட்டைப்பெட்டி, பேக்கிங் சாமான் சப்ளை செய்கிறேன். நானும் மனைவியும், கூட இரண்டு பேர். நாலு வருஷமாக என்னிடம் சரக்கு எடுத்துவந்த ஒரு கம்பெனி போன மாதம் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. 11-ஆம் அத்தியாயம், அதாவது கம்பெனியை மூடாமல் கடனைச் சீரமைக்கும் வகை. எனக்கு வரவேண்டியது 38,000 டாலர்.

கம்பெனியின் ஆபீஸ் நியூ ஜெர்சியில், குடோன் பென்சில்வேனியாவில். வழக்கு மட்டும் டெலவேர் மாநிலம் வில்மிங்டனில். தபாலில் ஒரு கட்டுக் காகிதம் வந்தது. அதில் ஒவ்வொரு உத்தரவும் ஒரே பல்லவியோடு ஆரம்பிக்கிறது: மாவட்ட நீதிமன்றத்தின் 2012 பிப்ரவரி 29 தேதியிட்ட நிலையாணைப்படி இதை விசாரிக்க எனக்கு அதிகாரம் உண்டு என்று. 2012-இல் இந்தக் கம்பெனியே கிடையாது. அந்தத் தேதிக்கு இங்கே என்ன வேலை? திவால் நீதிமன்றம் தனிக் கோர்ட்டா, இன்னொரு கோர்ட்டின் கிளையா? நீதிபதியைப் போட்டது யார்?

இன்னொன்று: எனக்கு இவ்வளவு வரவேண்டும் என்று கோர்ட்டில் கிளெய்ம் படிவம் போட்டால் நாமே போய் வலையில் தலையைக் கொடுப்பது மாதிரி என்று நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

——

நெய்தல்:

நாலு வருஷத்துக்கு ஒருதரம் வரும் தேதியாகப் பார்த்து உத்தரவு போட்டிருக்கிறார்கள். ஆண்டு நிறைவு கொண்டாடும் செலவு மிச்சம்.

(பதில் தெரியாது. கற்றுக்கொள்ள உட்கார்ந்திருக்கிறேன்.)

——

மதுரை ஆடிட்டர்:

குமரன், பதற வேண்டாம். அமெரிக்காவில் ஃபெடரல் நீதிபதி என்றால் ஜனாதிபதி நியமித்து செனட் ஒப்புதல் தர வேண்டும். பதவி ஆயுள் முழுக்க. திவால் நீதிபதியும் அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த 2012 தேதி ஏதோ நிர்வாக உத்தரவாக இருக்கலாம்.

——

வில்மிங்டன் மீனா:

ஆடிட்டர் சார் சொன்னதில் முதல் பாதி மாவட்ட நீதிபதிகளுக்குச் சரி. திவால் நீதிபதிக்கு ஒன்றுகூடப் பொருந்தாது. இந்த ஊரில் திவால் வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பதினொரு வருஷமாகக் கோப்பு பார்க்கிறேன். நான் வக்கீல் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திவால் நீதிபதியை நியமிப்பது ஜனாதிபதி அல்ல, அந்தப் பகுதியின் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம். டெலவேருக்கு அது பிலடெல்பியாவில் இருக்கும் மூன்றாவது சர்க்யூட். அங்குள்ள நீதிபதிகள் கூடி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். பதவிக்காலம் 14 வருஷம், மறுபடியும் நியமிக்கலாம். சம்பளம் மாவட்ட நீதிபதியின் சம்பளத்தில் 92 சதவீதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பதவியிலிருந்து எடுக்க வேண்டுமானால் சர்க்யூட்டின் நீதித்துறைக் கவுன்சில்தான் எடுக்க முடியும், அதுவும் திறமையின்மை, முறைகேடு, கடமை தவறுதல், உடல் அல்லது மன இயலாமை என்ற காரணங்களுக்கு மட்டும். நாடாளுமன்றக் குற்ற விசாரணை எல்லாம் தேவையில்லை.

இப்போது குமரன் கேட்ட தேதி. நாடு 94 ஃபெடரல் மாவட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. திவால் வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தைச் சட்டம் கொடுத்திருப்பது மாவட்ட நீதிமன்றத்துக்கு. திவால் நீதிபதிகள் அதன் 'ஓர் அங்கம்' மட்டுமே, சட்டத்தின் வார்த்தையே அதுதான். மாவட்ட நீதிமன்றம் தனக்கு வரும் திவால் வழக்குகளைத் திவால் நீதிபதிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. எல்லா மாவட்டமும் ஒரு பொது நிலையாணை போட்டு மொத்தமாக ஒப்படைத்துவிட்டன. டெலவேர் மாவட்ட நீதிமன்றத்தின் இப்போதைய நிலையாணையின் தேதிதான் 2012 பிப்ரவரி 29. மனு தாக்கலானதும் அது தானாகத் திவால் நீதிபதி மேஜைக்குப் போய்விடுகிறது.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சொத்து மாவட்ட நீதிபதி பேரில். திவால் நீதிபதிக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பவர் வைத்திருப்பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது எந்தத் தேதியில் எழுதிய பவர் என்று குறிப்பிடுவார் இல்லையா, அதேதான் நீங்கள் பார்த்த வரி.

——

எடிசன் குமரன்:

பவர் உதாரணம் பளிச்சென்று புரிந்தது மேடம். அப்படியானால் கொடுத்த பவரை ரத்து செய்யவும் முடியுமா?

——

வில்மிங்டன் மீனா:

முடியும். தகுந்த காரணம் இருந்தால் ஒரு வழக்கையோ அதில் ஒரு பகுதியையோ மாவட்ட நீதிபதி திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நடைமுறையில் அபூர்வம். மாவட்ட நீதிபதிக்குக் கிரிமினல் வழக்கு பார்க்கவே நேரம் போதாது.

——

பழைய குமாஸ்தா:

ஹூஸ்டனிலிருந்து எழுதுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். மீனா இன்றைய ஏற்பாட்டைச் சொல்லிவிட்டார். இப்படிச் சுற்றி வளைத்து ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1898 சட்டத்தின் கீழ் திவால் வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு நீதிபதி என்ற பெயரே கிடையாது. 'ரெஃபரி' என்பார்கள். மாவட்ட நீதிபதி நியமிப்பார், சம்பளம் இல்லை, வழக்கிலிருந்து வரும் கட்டணம்தான் வருமானம். அந்த முறை 1946 வரை ஓடியது. அப்புறம் சம்பளம் வந்தது. 1973-இல் விதிகளைத் திருத்தி 'திவால் நீதிபதி' என்று பெயரை மாற்றினார்கள். பெயர் பெரிதானது, அதிகாரம் அப்படியே இருந்தது.

1978-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் புதிய சட்டம் கொண்டுவந்தது. திவாலோடு ஒட்டிய எந்த வழக்கையும் திவால் நீதிபதியே தீர்க்கலாம், ஒப்பந்தத் தகராறு உட்பட. அவ்வளவு அதிகாரம் கொடுத்தால் ஆயுள் பதவியும் கொடுக்க வேண்டும் என்று ஒரு தரப்பு. வேண்டாம் என்று எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர் அப்போதைய தலைமை நீதிபதி வாரன் பர்கர். தங்கள் வரிசையில் இன்னும் சில நூறு பேர் வந்து உட்காருவதை ஆயுள் பதவிக்காரர்கள் விரும்பவில்லை, என் கணிப்பில் விஷயம் அவ்வளவுதான். கடைசியில் ஜனாதிபதி நியமனம், 14 வருஷம், அதிகாரம் மட்டும் முழுசாக என்று ஒரு சமரசம்.

நாலே வருஷத்தில் அது உடைந்தது. நார்தர்ன் பைப்லைன் என்ற கட்டுமானக் கம்பெனி 1980-இல் மினசோட்டாவில் திவால் மனு போட்டது. ஒப்பந்தத்தை மீறியதாக மாரத்தான் பைப் லைன் கம்பெனி மேல் அதே திவால் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டது. மாரத்தான் கேட்டது ஒரே கேள்வி: நான் திவாலாகவில்லை, இவர்களிடம் எதுவும் கேட்கவுமில்லை; ஆயுள் பதவியும் குறைக்க முடியாத சம்பளமும் உள்ள நீதிபதி முன்னால்தான் ஃபெடரல் நீதி அதிகாரம் என்று அரசியல் சட்டத்தின் மூன்றாவது பிரிவு சொல்கிறதே, இவர் யார் என் ஒப்பந்தத்தைத் தீர்க்க?

1982 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் மாரத்தான் பக்கம் நின்றது. நாடு முழுக்க இருந்த திவால் நீதிமன்றங்களின் அடித்தளமே ஆடிப்போனது. சட்டத்தைத் திருத்திக்கொள்ள அக்டோபர் 4 வரை காங்கிரசுக்கு அவகாசம் கொடுத்தார்கள். நடக்கவில்லை. டிசம்பர் 24 வரை நீட்டினார்கள். அப்போதும் நடக்கவில்லை. அதற்குமேல் நீட்ட மறுத்துவிட்டார்கள். மாவட்ட நீதிமன்றங்கள் ஒரு 'அவசர விதி'யைத் தாங்களே ஏற்றுக்கொண்டு ஒன்றரை வருஷம் வண்டியை ஓட்டின. சட்டத்தில் இடமே இல்லாத விதி. ஆனாலும் வழக்குகள் நடந்தன, சொத்துகள் விற்றன.

1984 ஜூலை 10-இல் வந்த சட்டம்தான் மீனா சொன்ன ஏற்பாடு. அதிகாரத்தை மாவட்ட நீதிமன்றத்தின் பேரில் எழுதி, அங்கிருந்து இரவல் கொடுக்கும் முறை. அதாவது அந்த அவசர விதியின் உத்தியையே சட்டமாக்கிவிட்டார்கள்.

——

நெய்தல்:

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை கேட்டிருக்கிறேன். இங்கே நாற்பது வருஷமாக ஒரு நாடே இரவல் சேலையில் கல்யாணம் நடத்துகிறது!

——

மதுரை ஆடிட்டர்:

என் தவறைத் திருத்தியதற்கு நன்றி. இதே சண்டை நம் பக்கமும் நடந்தது. தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அமைத்தபோது, உயர் நீதிமன்றத்தின் வேலையைக் குறுகிய காலப் பதவியில் இருக்கும் உறுப்பினர்களிடம் கொடுக்கலாமா என்று வழக்குப் போட்டது மெட்ராஸ் பார் அசோசியேஷன். 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயம் அமைக்கலாம், ஆனால் உறுப்பினர் தகுதி, தேர்வு முறை எல்லாவற்றையும் சரி செய் என்றது. இன்றைக்குக் கம்பெனித் திவால் அங்கேதான் போகிறது. உறுப்பினருக்கு 5 வருஷம். அதைப் பார்த்தால் அமெரிக்காவின் 14 வருஷம் தேவலை.

——

எடிசன் குமரன்:

எல்லோருக்கும் நன்றி. இப்போது என் பயத்துக்கு வருகிறேன். 1984-இல் எல்லாம் சரியாகிவிட்டதா? அப்படியானால் 2012-இல் புது நிலையாணை ஏன்? அப்புறம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன். மனு போடுவதற்கு ஏழு வாரம் முன்னால் அவர்கள் பழைய பாக்கியில் 21,000 டாலர் மொத்தமாகக் கொடுத்தார்கள். நல்ல மனுஷர்கள் என்று சந்தோஷப்பட்டேன். அதைத் திருப்பிக் கேட்பார்கள் என்று நண்பர் சொல்கிறார். கேட்பார்களா?

——

வில்மிங்டன் மீனா:

கேட்கலாம். மனுவுக்கு முந்தைய 90 நாளில் சிலருக்கு மட்டும் பழைய கடனை அடைத்திருந்தால், மற்றவர்களுக்கு அநியாயம் என்று அதைத் திரும்ப வாங்க வழியிருக்கிறது. வழக்கமாக எத்தனை நாளில் பணம் தருவார்களோ அதேபோலத் தந்ததுதான், அதற்குப் பிறகும் நான் கடனுக்குச் சரக்கு அனுப்பினேன் என்றெல்லாம் நீங்கள் எதிர்வாதம் வைக்கலாம். ஆகவே பழைய பில், பணம் வந்த தேதி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 'மொத்தமாக' என்று சொல்வதுதான் எனக்கு இடிக்கிறது.

நண்பர் சொன்ன வலை இதுவாகத்தான் இருக்கும். திவால் நீதிபதியின் இரவல் அதிகாரம் எதுவரை செல்லும் என்பது, நீங்கள் உள்ளே வந்தவரா வெளியே நிற்பவரா என்பதைப் பொறுத்தது. கிளெய்ம் போடாத ஒருவர் மேல் சொத்தை மோசடியாக மாற்றியதாக வழக்குப் போட்டால் அவருக்கு ஜூரி விசாரணை கேட்கும் உரிமை உண்டு என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருஷமே, கிளெய்ம் போட்டவரிடம் இந்த 90 நாள் பணத்தைத் திருப்பிக் கேட்டால் ஜூரி உரிமை கிடையாது என்றது. பங்கு கேட்டு வந்துவிட்டாய், பங்கு பிரிப்பவர் சொல்வதைக் கேள் என்பது தர்க்கம்.

இனி 2012. பழைய குமாஸ்தா சார் விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். 1984 சட்டம் விவகாரங்களை இரண்டாகப் பிரித்தது. திவாலின் மையத்தில் இருப்பவை 'கோர்': கிளெய்மை ஏற்பது, சொத்து விற்பது, மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் போன்றவை. இவற்றில் திவால் நீதிபதியே இறுதி உத்தரவு போடலாம். வெறும் தொடர்புடைய வழக்குகளில் அவர் ஒரு வரைவுத் தீர்ப்பு எழுதி மாவட்ட நீதிபதிக்கு அனுப்ப வேண்டும், அவர் புதிதாகப் பார்த்து முடிவெடுப்பார்.

இந்தக் கோடு 2011-இல் ஒரு விசித்திர வழக்கில் கலைந்தது. அன்னா நிக்கோல் ஸ்மித் என்ற மாடல், 89 வயது டெக்ஸாஸ் எண்ணெய்ப் பணக்காரரை 1994-இல் கல்யாணம் செய்தார். அடுத்த வருஷம் அவர் இறந்தார். சொத்துத் தகராறு ஒரு பக்கம் ஓட, இவர் கலிஃபோர்னியாவில் திவால் மனு போட்டார். பணக்காரரின் மகன், இவர் தன்னை அவதூறு செய்ததாக அங்கே கிளெய்ம் போட்டார். கணவர் தரவிருந்ததைக் கெடுத்தவரே நீங்கள்தான் என்று இவர் எதிர்க் கிளெய்ம். திவால் நீதிபதி இவருக்கு 40 கோடி டாலருக்குமேல் தீர்ப்பளித்தார். வழக்கு இரண்டுமுறை உச்ச நீதிமன்றம் போனது. கடைசித் தீர்ப்பு வந்தபோது இருவருமே உயிரோடு இல்லை.

2011 தீர்ப்பு, 5-க்கு 4: சட்டப் புத்தகம் இதை 'கோர்' என்று சொல்லலாம், ஆனால் மாநிலச் சட்டப்படியான இந்த எதிர்க் கிளெய்மைத் திவால் நீதிபதி இறுதியாகத் தீர்க்க அரசியல் சட்டம் இடம் தரவில்லை. இதனால் ஒரு புதுக் குழப்பம். கோர் ஆனாலும் இறுதி அதிகாரம் இல்லை என்றால், வரைவு எழுதி அனுப்பவும் சட்டத்தில் வழி சொல்லவில்லையே! அந்த ஓட்டையை அடைக்கத்தான் பல மாவட்டங்கள் நிலையாணையைத் திருத்தின. டெலவேரின் 2012 பிப்ரவரி 29 அப்படிப் பிறந்தது: இறுதி உத்தரவு போட முடியாத இடத்தில் வரைவு எழுதி அனுப்பு என்று அதில் இருக்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றமும் அதே வழியைச் சரி என்றது. 2015-இல், இரு தரப்பும் தெரிந்து சம்மதித்தால் திவால் நீதிபதியே முடிக்கலாம் என்றது. உங்கள் கட்டில் உள்ள மனுக்களின் அடியில் 'இறுதி உத்தரவுக்குச் சம்மதிக்கிறோம்' என்று ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள்.

——

எடிசன் குமரன்:

இருக்கிறது! எல்லா மனுவிலும் இருக்கிறது. வெறும் அலங்காரம் என்று நினைத்தேன்.

——

பழைய குமாஸ்தா:

ஏன் டெலவேர் என்ற கேள்வியை யாரும் தொடவில்லை. எனக்கு மனசு கொதிக்கும் இடம் அது.

கம்பெனி பதிவான மாநிலம், தலைமையிடம், முக்கியச் சொத்து இருக்கும் இடம், இவற்றில் எங்கே வேண்டுமானாலும் மனு போடலாம். போதாக்குறைக்கு, ஒரு துணை நிறுவனத்தின் வழக்கு எங்கே நடக்கிறதோ அங்கே தாயும் வந்து சேரலாம். கால்வாசி அமெரிக்கா டெலவேரில்தான் கம்பெனி பதிகிறது என்று தோன்றும் அளவுக்கு அங்கே கூட்டம். உங்கள் கம்பெனியும் அங்கே பதிந்திருக்கும், பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 2009 ஜூன் 1 அன்று நியூயார்க்கில் மனு போட்டது. டெட்ராய்ட் கம்பெனிக்கு நியூயார்க்கில் என்ன வேலை? ஹார்லெமில் அவர்களுக்கு ஒரு கார் விற்பனைக் கடை இருந்தது. கடை முதலில் மனு போட்டது, பின்னாலேயே தாய்க் கம்பெனி. என்ரான் எங்கள் ஹூஸ்டன் கம்பெனி, 2001-இல் அதுவும் ஒரு சின்னத் துணை நிறுவனத்தைப் பிடித்துக்கொண்டு நியூயார்க் போனது. ஆயிரக்கணக்கான ஹூஸ்டன் ஊழியர்கள் வழக்கை டிவியில் பார்த்தார்கள்.

——

வில்மிங்டன் மீனா:

சார், ஒரு பக்கம் மட்டும் சொல்கிறீர்கள். லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பர் 15 அன்று மனு போட்டது. அந்த வாரம் முடிவதற்குள் அதன் வட அமெரிக்க வியாபாரத்தை பார்க்ளேஸுக்கு விற்க ஒப்புதல் தர வேண்டியிருந்தது. அதற்கெல்லாம் பழகிய நீதிபதி வேண்டும். வருஷத்துக்கு ஒரு கம்பெனி வழக்குகூட வராத ஊரில் இதை எப்படி நடத்துவது? குமரனுக்கு எடிசனிலிருந்து வில்மிங்டன் இரண்டு மணி நேரம்கூட இல்லை, தேவைப்பட்டால் ஜூமில் வரலாம்.

——

பழைய குமாஸ்தா:

அனுபவம் வேறு, ஆளைப் பார்த்துப் போவது வேறு அம்மா. எங்கள் ஹூஸ்டனில் 2016 முதல் பெரிய வழக்குகள் எல்லாம் இரண்டே நீதிபதிகளுக்கு என்று விதி செய்தார்கள். நாடு முழுக்க இருந்து கம்பெனிகள் வந்து குவிந்தன. அந்த இருவரில் ஒருவரான டேவிட் ஜோன்ஸ் 2023 அக்டோபரில் ராஜினாமா செய்தார். ஒரு பெண் வக்கீலோடு அவர் ஒரே வீட்டில் வாழ்ந்துவந்ததும், அந்த வக்கீல் இருந்த அலுவலகம் அவர் முன் வழக்கு நடத்தியதும் வெளியே வந்தது. 14 வருஷப் பதவி, அதற்குமேல் கேட்க ஆளில்லை என்றால் இப்படித்தான். நியூயார்க்கில், பர்டூ ஃபார்மா போன்ற பெரிய வழக்குகள் வொயிட் பிளெயின்ஸில் இருந்த ஒரே நீதிபதியைத் தேடிப் போகின்றன என்ற விமர்சனம் வந்த பிறகு, பெரிய வழக்குகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கத் தொடங்கினார்கள்.

நகராட்சி நொடித்தால் சட்டம் எப்படி ஜாக்கிரதையாக இருக்கிறது பாருங்கள். அங்கே நீதிபதியைச் சர்க்யூட்டின் தலைமை நீதிபதி நேரடியாகப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். 2013-இல் டெட்ராய்ட் நகரத்துக்கு ஸ்டீவன் ரோட்ஸ் அப்படித்தான் வந்தார். மனுப் போடுபவர் கையில் தேர்வு இல்லை. கம்பெனிக்கும் அதே மாதிரி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

——

வில்மிங்டன் மீனா:

ஜோன்ஸ் விஷயத்தில் நான் வாதாடவில்லை. ஆனால் கண்காணிக்க ஆளே இல்லை என்பது சரியல்ல. 1978-க்கு முன்னால் திவாலானவரின் சொத்தை நிர்வகிக்கும் டிரஸ்டியை ரெஃபரியே போடுவார், அவரையே மேற்பார்வை பார்ப்பார், வழக்கு வந்தால் தீர்ப்பும் சொல்வார். அதைப் பிரிக்கத்தான் யு.எஸ். டிரஸ்டி என்ற பதவி வந்தது. அது கோர்ட்டைச் சேர்ந்ததல்ல, நீதித்துறை அமைச்சகத்தின் கீழ். குமரன், உங்கள் கட்டில் '341 கூட்டம்' என்று ஒரு தேதி இருக்கும். கடன் கொடுத்தவர்கள் கம்பெனிக்காரரைக் கேள்வி கேட்கலாம். நடத்துவது யு.எஸ். டிரஸ்டி தரப்பு. நீதிபதி அதில் கலந்துகொள்ளவே கூடாது என்று சட்டம் தடுக்கிறது.

——

நெய்தல்:

எல்லா மாநிலத்திலுமா?

——

பழைய குமாஸ்தா:

நல்ல கேள்வி. அலபாமாவும் வட கரோலினாவும் மட்டும் சேரவில்லை. அங்கே கோர்ட்டே நியமிக்கும் நிர்வாகிகள். இதனால் ஒரு காலத்தில் திவால் வழக்கில் பெரிய கம்பெனிகள் கட்டும் கட்டணம் அந்த இரு மாநிலங்களில் குறைவாகவும் மற்ற 48-இல் அதிகமாகவும் இருந்தது. திவால் சட்டம் நாடு முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே ஒரு வாசகம். 2022-இல் உச்ச நீதிமன்றம் அந்த வித்தியாசம் செல்லாது என்றது. கூடுதலாகக் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பி வரும் என்று பார்த்தால், 2024-இல் இனிமேல் சீராக வாங்கினால் போதும் என்று முடித்துவிட்டார்கள்.

——

மதுரை ஆடிட்டர்:

இங்கேயும் அங்கேயும் அரசாங்கம் வாங்கிய காசு வாங்கியதுதான். ஒரு சந்தேகம்: குமரனுக்கு எதிராக உத்தரவு வந்தால் அப்பீல் எங்கே?

——

வில்மிங்டன் மீனா:

14 நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ் போட வேண்டும், இதில் கறார். டெலவேரில் மாவட்ட நீதிமன்றம், அடுத்து மூன்றாவது சர்க்யூட். ஐந்து சர்க்யூட்டுகளில் மட்டும் மூன்று திவால் நீதிபதிகள் உட்காரும் அப்பீல் குழு ஒன்று உண்டு: 1, 6, 8, 9, 10. அங்கேயும் ஒரு தரப்பு வேண்டாம் என்றால் வழக்கு மாவட்ட நீதிபதிக்குப் போகும்.

குமரன், கடைசியாக உங்களுக்கு. வலை உண்மைதான், ஆனால் கிளெய்ம் போடாவிட்டால் 38,000-இல் ஒரு காசுகூடக் கிடைக்காமல் போகலாம். அதோடு ஒன்று பாருங்கள்: மனுவுக்கு முந்தைய 20 நாளுக்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த சரக்குக்கு முன்னுரிமை உண்டு, மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கலாம், கெடு பற்றிய உத்தரவைப் படியுங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள், அந்த ஃபீஸ் வீண் போகாது.

——

எடிசன் குமரன்:

டெலிவரி சீட்டுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். அந்த 20 நாளுக்குள் போன சரக்கு 14,200 டாலர். மனைவிதான் ஒவ்வொரு சீட்டிலும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறாள், இன்றைக்கு அவள் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும். நாளைக் காலை வக்கீலைப் பார்க்கிறோம்.

ஒன்றே ஒன்று: படிவத்தைத் தபாலில் அனுப்பினால், கெடு தேதிக்குள் தபால் முத்திரை விழுந்தால் போதுமா?

——

வில்மிங்டன் மீனா:

போதாது. அவர்கள் கைக்குக் கெடுவுக்குள் வந்து சேர வேண்டும் என்றுதான் இங்கே உத்தரவு போடுவார்கள். ஆன்லைனில் போடும் வசதி இருந்தால் அதில் போட்டு, ரசீதைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.